கன்னி மூலையில் ஒரு பைப்

"கிணத்துக்கு மூச்சு மேடம்" என்றார் சைட் சூப்பர்வைசர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துவிட்டு அபார்ட்மெண்ட் கட்டுகிற சைட் அது. மனையின் தென்மேற்கு மூலையில், பில்லருக்காகத் தோண்டிய குழிக்குள் நான் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் சன்னமாக ஒரு காங்கிரீட் படுக்கை போட்டு, அதன்மேல் கம்பி வலை கட்டி முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில் ஃபுட்டிங், அதாவது பில்லரின் காங்கிரீட் பாதம், போட வேண்டும். அந்தக் கம்பி வலைக்கு நடுவே ஒரு பிவிசி பைப் விறைப்பாக நின்றது. வாயில் கொசுவலை கட்டி, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தார்கள். கம்பி கட்டுகிறவர் அதற்கு மரியாதையாக வழிவிட்டு, இரண்டு கம்பிகளை வளைத்துக் கட்டியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் கிணற்றைத் தூர்த்தால் ஒரு பைப்பை விட்டுத்தான் தூர்ப்பார்கள். கிணற்றுக்கு உயிர் உண்டு, மூச்சடைத்து மூடினால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்பிக்கை. நான் தொட்டியத்துக்காரி. எங்கள் வாழைத் தோட்டத்திலும் அப்படி ஒரு பைப் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அதனால் பைப் எனக்குப் புதிதில்லை. இந்த மனையில் ஒரு கிணறு இருந்தது என்பதுதான் எனக்குப் புதிது.

"எந்தக் கிணறு?"

"இதுக்கு அடியிலதான் மேடம். உறைக் கிணறு. வீடு இடிச்சப்பவே தூர்த்தாச்சு."

"எதைப் போட்டுத் தூர்த்தீங்க?"

"வீடு இடிச்ச ரப்பீஸ்தான். மேல ஒரு லோடு மணல் அடிச்சோம்."

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்றைக்கு ஹெல்மெட்டுக்குள் இரண்டு காதும் எரிந்தன.

என் கோபம் புரிய வேண்டுமென்றால் என் வேலை என்னவென்று சொல்ல வேண்டும். புத்தூரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆபீஸ். கட்டப்போகிற கட்டடத்தின் எலும்புக்கூட்டைக் கம்ப்யூட்டரில் நிறுத்திப் பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு பில்லரும் ஒரு கோடு, ஒவ்வொரு பீமும் ஒரு கோடு. அந்தக் கோடுகளுக்கு அளவு கொடுக்க வேண்டும், காங்கிரீட் என்று சொல்ல வேண்டும். பிறகு பாரத்தை ஏற்ற வேண்டும். தளத்தின் எடை, சுவரின் எடை, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, நடமாடுகிற மனுஷர்கள், அடிக்கிற காற்று, வந்தால் வரட்டும் என்று ஒரு பூகம்பம். எல்லாவற்றையும் கொடுத்து ஓடவிட்டால், எந்த பீம் தாங்கும், எந்த பில்லர் தாங்காது என்று அது சொல்லும். தாங்குவதைப் பச்சையாகவும் தாங்காததைச் சிவப்பாகவும் காட்டும்.

இதில் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு பில்லரின் காலடியிலும் 'சப்போர்ட்' வைக்க வேண்டும். பெரும்பாலும் 'ஃபிக்ஸட்' என்று ஒரு கிளிக். இந்த இடத்தில் பூமி அசையாது, இறங்காது, திரும்பாது என்று நான் கம்ப்யூட்டருக்குச் செய்து கொடுக்கிற சத்தியம் அது. அது என்னை நம்பும். நம்புவதைத் தவிர அதற்கு வேறு வழியும் கிடையாது.

இந்தக் கட்டடத்துக்கு நான் என்ன பாடு பட்டிருந்தேன் தெரியுமா? கீழே கார் நிறுத்த இடம், மேலே மூன்று மாடி. மனையைக் கொடுத்தவர்கள் ஒரு மாமாவும் மாமியும். மாமா ரயில்வேயில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். பிள்ளை வெளிநாட்டில். அவர்களுக்கு முதல் மாடியில் ஒரு ஃபிளாட் என்று பேச்சு. நான் மாடல் போட்டுக்கொண்டிருந்தபோது மாமி பஸ் பிடித்து எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"எங்காத்துக் கோயிலாழ்வார் நல்ல தேக்கும்மா. நாலு பேர் சேர்ந்தாதான் அசைக்கவே முடியும். பெருமாளோட அதை அங்க ஏளப்பண்ணினா தரை தாங்குமோன்னோ?"

பெருமாள் இருக்கிற மர மண்டபத்தைத்தான் கோயிலாழ்வார் என்பார்கள், அதைக் கொண்டுபோய் வைப்பதை ஏளப்பண்ணுவது என்பார்கள். வழக்கமாக ஒரு வீட்டுத் தளத்துக்குக் கொடுக்கிற பாரத்துக்குள்ளேயே அதெல்லாம் அடங்கிவிடும். இருந்தாலும் மாமி கேட்டதற்காக, அந்த இடத்தில் தனியாக ஒரு பாரத்தை ஏற்றினேன். கூடவே அவருடைய கல்லுரலுக்கும் ஏற்றினேன். மாமிக்கு ஸ்கிரீனில் காட்டியும் கொடுத்தேன். கல்லுரலின் எடையைக்கூட விடாமல் சொன்ன மனுஷர்கள், பில்லருக்கு அடியில் ஒரு கிணறு இருக்கிறது என்று எனக்குச் சொல்லவில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பில்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன். நான் பைப்பைக் காட்டினேன்.

"ஓ, அதுவா மேடம்? அது பெரியவர் ஆசைப்பட்டாரு. பில்லர் ஓரமா அப்படியே மேல கொண்டுவந்து விட்டுடலாம். அழகா ஒரு செடித் தொட்டியை வெச்சு மறைச்சுடலாம்."

"பைப்பை விடுங்க. கிணறு சார், கிணறு! டிராயிங்ல ஏன் காட்டலை?"

"கிணத்தை உங்க கம்ப்யூட்டருக்கு எதுக்கு மேடம் சொல்லணும்? அது பாட்டுக்கு அது கணக்கைப் போடட்டும்."

நல்லா வந்தது வாயில். சைட்டில் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்று முழுங்கிக்கொண்டேன்.

பிறகு விஷயம் அவர் வாயிலிருந்தே வந்தது. தென்மேற்கு என்றால் கன்னி மூலை. வாஸ்து பார்க்கிறவர்களுக்குக் கன்னி மூலையில் கிணறு என்றால் ஆகவே ஆகாது, வீட்டுத் தலைவனுக்கே ஆபத்து என்பார்கள். "பிளான்ல கிணறுன்னு ஒரு வட்டம் போட்டேன்னு வைங்க, ஃபிளாட் பாக்க வர்றவன் கூடவே ஒரு வாஸ்துக்காரன் வருவான். படி ஏறாமயே திரும்பிப் போயிடுவான்" என்றார். அதனால் பழைய வீட்டின் அளவுப் படத்தை மறுபடி வரைந்தபோதே கிணற்றை எடுத்துவிட்டார்கள். மண் பரிசோதனைக்குத் துளை போட்டதும் எதிர் மூலையில். அங்கே நல்ல காவிரி மணல், ரிப்போர்ட்டும் நல்ல ரிப்போர்ட். அதை நம்பித்தான் நான் எல்லாப் பில்லருக்கும் 'ஃபிக்ஸட்' வைத்தேன்.

இதில் உச்சம் என்ன தெரியுமா? அதே வாஸ்துப்படி வீட்டு எஜமானர் படுக்கிற அறை கன்னி மூலையில்தான் வர வேண்டும். அதை மட்டும் தவறாமல் செய்திருந்தார்கள். அந்தப் பில்லருக்கு நேர் மேலே முதல் மாடியில், மாமாவும் மாமியும் படுக்கப் போகிற அறை. கிணற்றுக்குப் பயந்து பைப் விட்டார்கள், வாஸ்துவுக்குப் பயந்து படத்தை மாற்றினார்கள், ரப்பீஸ் போட்டு அடைத்த குழியின்மேல் மூன்று மாடியை நிறுத்துவதற்கு மட்டும் ஒருத்தருக்கும் பயமில்லை.

ஆபீசுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. மாடலைத் திறந்தேன். அந்த ஒரு பில்லரின் காலடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி ஓடவிட்டேன். ரப்பீஸ் போட்ட கிணறு ஓர் அங்குலத்தோடு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. சும்மா ஆரம்பத்துக்கு ஓர் அங்குலம். அந்த மூலையைப் பிடித்துக்கொண்டிருந்த பீம்கள் மூன்று மாடியிலும் சிவப்பாயின. நான் அவ்வளவு பாடுபட்டுப் பச்சையில் நிறுத்தி வைத்திருந்த கட்டடம் அது.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் ஆபீசை நடத்துகிறவர் அவர்தான், டிராயிங்கில் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் எரிச்சல்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காவிரிக் கரை மணலும்மா. பக்கத்துல இருந்து வந்து நல்லா இறுகிக்கும்."

"கிணத்துக்குள்ள மணல் இல்ல சார், ரப்பீஸ். உடைஞ்ச ஓடு, செங்கல், கதவு நிலைகூடப் போட்டிருப்பாங்க."

"நீ ஃபிக்ஸடாவே வெச்சு, ஃபுட்டிங் போடலாம்னு சொல்லி அனுப்பிடு. காலையில காங்கிரீட் லாரி சொல்லியாச்சாம். அவர் வருஷம் முழுக்க நமக்கு வேலை குடுக்கறவர்."

"இதுக்கு நான் வைக்க மாட்டேன் சார்."

"நீ வைக்கலேன்னா வேற ஒருத்தர் வைப்பார்."

"அப்ப அவரே வைக்கட்டும்."

என் குரல் கீழே மெடிக்கல் ஷாப் வரைக்கும் கேட்டிருக்கும். சார் தன் அறைக்குப் போய் ஃபேனைக் கூட்டி வைத்தார். நான் அந்தச் சிவப்புப் படத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, நேராக ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினேன்.

கட்டடம் முடிகிற வரைக்கும் மாமாவும் மாமியும் அடுத்த தெருவில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். நான் போனபோது மாமா ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கிணற்றைப் பற்றிக் கேட்டதும் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"அந்த ஜலத்துலதான் எங்காத்துப் பெருமாளுக்குத் தலைமுறை தலைமுறையா திருமஞ்சனம். சும்மா மூடிட முடியுமா? நல்ல நாள் பார்த்து, பால் விட்டு, பாசுரம் சேவிச்சு, க்ஷமிக்கணும்னு பிரார்த்திச்சுண்டுதான் மூடினோம். மூச்சுக்குப் பைப்பும் விடச் சொன்னேன். ஒரு குறையும் வெக்கலை."

"எஞ்சினியர்கிட்டச் சொன்னீங்களா மாமா?"

"பில்டர்தான் வேண்டாம்னார். மத்த ஃபிளாட்டெல்லாம் போகாதுன்னார்."

கிணற்றிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிவப்புப் படத்தை அவர் மடியில் விரித்து, இந்தப் பில்லர் இறங்கினால் இந்த பீம் வெடிக்கும், அதற்கு மேல் இது, அதற்கு மேல் இது என்று சொன்னேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "ஏதாவது சாந்தி ஹோமம் பண்ணிடலாமா?" என்றார்.

"ஹோமம் பண்ணினா பீம் தாங்கிடுமா மாமா!" கத்தியேவிட்டேன். அவர் வயசுக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

சமையலறையிலிருந்து மாமி வந்தார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே படத்தைப் பார்த்தார்.

"இந்தத் தூண் எந்த ரூமுக்குக் கீழ வரதும்மா?"

"நீங்க ரெண்டு பேரும் படுத்துக்கப் போற ரூம், மாமி."

மாமி படத்தை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு மாமாவைப் பார்த்து, "ஏன்னா, கிணத்துக்கு மூச்சு விடப் பைப் வெச்சேளே, நமக்கு எங்க வெச்சேள்?" என்று கேட்டார். மாமா ஊஞ்சலைக் காலால் ஊன்றி நிறுத்தினார். "நாளைக்குக் கார்த்தால நானும் வரேன்" என்றார் மாமி என்னிடம். "இப்ப காபி சாப்பிடு. மூஞ்சியெல்லாம் சிவந்து கிடக்கு."

காலையில் நாங்கள் போய்ச் சேரும்போது காங்கிரீட் லாரி உருளையைச் சுற்றிக்கொண்டு தெருவில் நின்றது. அதற்குப் பின்னால் ஸ்கூல் வேன், பால் வண்டி, ஆட்டோ, எல்லாம் ஹாரன். பில்டர் என்னைப் பார்த்ததும், "மேடம், சார்கிட்டப் பேசிட்டேனே, பாத்துக்கலாம்னாரே" என்றார். நான் பிரிண்ட்டை நீட்டினேன். கிணற்றின் இரண்டு பக்கமும் தள்ளி நல்ல மண்ணில் இரண்டு ஃபுட்டிங் போட வேண்டும், நடுவே கனமாக ஒரு பீம் போட்டு அதன்மேல் இந்தப் பில்லரை நிறுத்த வேண்டும், ஒரு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் என்று பொறுமையாகவே சொன்னேன். எனக்கும் பொறுமை உண்டு, எப்போதாவது.

அவர் பிரிண்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்கு மேடம்" என்று சிரித்தார். லாரிக்காரரிடம் திரும்பி, பின்னால் வரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அப்போது மாமி பேசினார். சத்தம் போடவில்லை. "சரிப்பா, நீ போட்டுக்கோ. வாசல்ல ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்துக்கறேன். ஃபிளாட் பாக்க வரவாகிட்டயெல்லாம் நானே சொல்லிடறேன், கன்னி மூலையில ஜலம் வத்தாத கிணறு இருக்கு, அது மேலதான் கட்டியிருக்குன்னு. மறைக்கறது பாவமோன்னோ?"

பில்டரின் கை அப்படியே நின்றது. லாரியும் நின்றது.

"மாமி, என்ன மாமி, இதுக்குப் போய்... மேடம் சொல்ற மாதிரியே பண்ணிடலாம். ரெண்டு ஃபுட்டிங்தானே? ரெண்டு என்ன, மூணே போடலாம்!"

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காது இன்னும் சூடானதுதான் மிச்சம். நான் படித்த படிப்பு, போட்ட மாடல், இரவும் பகலும் மண்டை காய்ந்து பார்த்த கணக்கு, சிவப்பில் எரிந்த மூன்று மாடி பீம், எதுவும் அந்த ஆளை அசைக்கவில்லை. கன்னி மூலை என்ற ஒரு வார்த்தை அசைத்துவிட்டது. கட்டடம் விழும் என்று சொன்னபோது சிரித்தவர், ஃபிளாட் விற்காது என்றதும் வியர்த்துவிட்டார். த்தூ!

வேலை நான் சொன்னபடி நடந்தது. நான் பக்கத்திலேயே நின்றேன். மாடலிலும் அந்த மூலையைப் பிரித்துப் போட்டு, புது பீமை வைத்து, எல்லாம் பச்சையாகிற வரைக்கும் ஓடவிட்டேன். சார் கையெழுத்துப் போட்டார், என் முகத்தைப் பார்க்காமல். கிருஹப்பிரவேசத்தன்று மாமி என்னை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய், "இங்கதான் தலை வெச்சுப் படுத்துக்கப் போறேன்" என்று காட்டினார். கீழே பில்லர் ஓரத்தில் பைப் நின்றது, பக்கத்தில் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அதே பில்டர் அதே வட்டாரத்தில் இன்னொரு பழைய வீட்டை இடித்தார். டிராயிங் எங்கள் ஆபீசுக்குத்தான் வந்தது. மாடலைத் தொடுவதற்கு முன்னால் நான் சைட்டுக்குப் போனேன். மனை துடைத்து எடுத்தாற்போல் சமமாக இருந்தது. பில்லர் வருகிற இடங்களில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டிருந்தார்கள். நான் ஒவ்வொரு மூலையாக நடந்து பார்த்தேன். எங்கேயும் பைப் இல்லை.

"கிணறு எங்க சார்?"

"இந்த வீட்டுல கிணறே கிடையாது மேடம்" என்றார் பில்டர். "நீங்க வந்து பாப்பீங்கன்னுதான் எல்லாத்தையும் சுத்தம் பண்ணி வெச்சிருக்கேன்."

ஸ்ரீரங்கத்தில், இரண்டு ஆற்றுக்கு நடுவே, அந்தக் காலத்து வீடு, கிணறு இல்லையாம். யாருக்குக் காதில் பூ சுற்றுகிறார்? போன தடவை அவர் பாடம் கற்றுக்கொண்டார்தான். கிணற்றைச் சொல்லிவிட வேண்டும் என்று கற்றுக்கொள்ளவில்லை. பைப் வைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டார்.

போனை எடுத்து மாமியைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மாமிக்கு அப்படி ஒரு கோபம் வந்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "கிணறு இல்லையாமா? எவன் சொன்னான்? அந்த ஆத்துக் கிணத்துல நானே ஜலம் சேந்தியிருக்கேன். அங்கயே நில்லு, வரேன்."

வேகு வேகென்று நடந்தே வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. எதிர்ச் சுவரையும் பக்கத்து வீட்டு ஜன்னலையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, மனைக்குள் குறுக்கே நடந்துபோய் ஓரிடத்தில் நின்றார். அவருடைய இரண்டு காலும் ஒரு சுண்ணாம்புக் கட்டத்துக்குள் இருந்தன.

"மாமி, கொஞ்சம் நகருங்க, மார்க்கிங் அழியுது" என்றார் பில்டர்.

"அழியட்டும்" என்றார் மாமி.

நான் செருப்போடு அந்தக் கட்டத்துக்குள் இறங்கி, மாமிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அங்கேயே தோண்டிப் பார்க்க, சைட் ஆட்களைக் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன்.